எல்லை தாண்டும் பதிவேடுகள்: ஏலக்காய் வியாபாரிக்கு என்ன பயன்?

போடிநாயக்கனூர் வியாபாரம் என்றைக்கும் ஒரே ஊருக்குள் தொடங்கி முடிந்த வியாபாரம் அல்ல. காய் விளைவது மேலே உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கத்து மலையில். அது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தோட்டத்துக்காரர்களில் பலருக்கு வீடு போடியிலோ கம்பத்திலோ இருக்கும். காய் ஏலத்துக்கு வருவது போடிக்கு, இல்லாவிட்டால் புற்றடிக்கு. ஏலம் எடுத்தவர் அதைச் சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி டெல்லிக்கும் கான்பூருக்கும் மும்பைக்கும் அனுப்புகிறார். நல்ல பச்சைக் காய் சவுதி அரேபியாவுக்கும் துபாய்க்கும் போகிறது. ஒரு மூட்டை ஏலக்காய் கடைசி வாடிக்கையாளரின் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மாநில எல்லைகளையாவது தாண்டிவிடுகிறது. சில மூட்டைகள் கடலையும் தாண்டுகின்றன.

ஒவ்வொரு எல்லையிலும் வியாபாரி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வாங்குகிறவர் யார்? ஆள் உண்டா?" நம் பெரியவர்கள் இதற்குத் தரகரைக் கேட்டார்கள். லாரி ஆபீசில் விசாரித்தார்கள். அந்த ஊரில் ஏற்கெனவே சரக்குப் போட்டிருந்த வேறொரு கடைக்காரருக்குக் கடிதம் எழுதினார்கள். இன்று சரக்கு போகும் வேகத்துக்கு அந்த விசாரிப்பு ஈடுகொடுப்பதில்லை. காலையில் போனில் பேசியவர் மாலையில் சரக்கு கேட்கிறார். இந்த நிலையில்தான் பல நாடுகள் தங்கள் வணிகப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டர் வழியாக ஒன்றோடொன்று இணைத்து வருகின்றன. ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு நாட்டு நிறுவனத்தின் பதிவைப் பார்த்துவிடலாம் என்ற வசதி பல இடங்களில் வந்துவிட்டது. இதனால் பலசரக்குக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் என்ன லாபம், இதை எந்த அளவு நம்பலாம், நம் பக்கத்தில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பதிவேடு எதற்கு?

கம்பெனிகளுக்கென்று தனிப் பதிவாளரை நியமிக்கும் முறை இங்கிலாந்தில் 1844-ம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. பலர் பணம் போட்டு நடத்தும் ஸ்தாபனத்தில் யார் பொறுப்பு, அலுவலகம் எங்கே, நிர்வாகிகள் யார் என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதே நோக்கம். அதாவது பதிவேடு என்பது சர்க்கார் வசதிக்கு மட்டும் அல்ல. அந்த ஸ்தாபனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைக்கப்போகும் மூன்றாம் ஆளின் பாதுகாப்புக்காகவும் ஏற்பட்டது. அந்த மூன்றாம் ஆள் வேறு யாரும் அல்ல, நாம்தான்.

நம் நாட்டில் இந்தப் பதிவு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. கம்பெனிகள் மத்திய அரசின் கம்பெனிப் பதிவாளரிடம் பதிவாகின்றன. கூட்டு வியாபாரங்கள் 1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி அந்தந்த மாநிலத்தின் பதிவாளரிடம் பதிவாகின்றன. ஒரே ஆள் நடத்தும் கடைக்கு இந்த இரண்டு பதிவும் கிடையாது. வரி எண், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் போன்றவைதான் அவருக்கு அடையாளம். ஏலக்காய் வியாபாரத்தில் இறங்க வேண்டுமானால் ஸ்பைசஸ் போர்டு லைசென்ஸ் வேறு. ஆக, ஒரே ஆள் நாலு பதிவேடுகளில், சில சமயம் நாலு விதமான பெயர்களில் இருக்கிறார்.

நம் மலையடிவாரத்திலேயே நடந்த இணைப்பு

பதிவேடுகளை எல்லை தாண்டி இணைப்பது ஏதோ ஐரோப்பாவில் மட்டும் நடக்கும் காரியம் என்று எண்ண வேண்டாம். போடிமெட்டுச் சாலையில் சரக்கு ஏற்றி இறக்கிய அனைவரும் அதை நேரில் கண்டவர்களே.

1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. அதற்குப் பின்னும் விளைச்சல் ஒரு மாநிலத்திலும் சந்தை இன்னொரு மாநிலத்திலும் என்றே இருந்தது. தமிழ்நாட்டு விற்பனை வரி அலுவலகத்தின் பேரேட்டில் உள்ள பெயர் கேரளத்து அலுவலகத்துக்குத் தெரியாது. அங்கே உள்ளது இங்கே தெரியாது. இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் சி பாரம். வெளிமாநிலத்தில் வாங்குகிறவர் தம் வரி அலுவலகத்தில் அந்தப் பாரத்தை வாங்கி விற்றவருக்கு அனுப்ப வேண்டும். "இவர் எங்கள் ஊரில் பதிவான வியாபாரிதான்" என்பதற்கு அதுவே சாட்சி. பாரம் வந்தால் மத்திய விற்பனை வரி குறைந்த விகிதம். நெடுநாள் 4 சதவீதமாக இருந்தது 2008-ல் 2 சதவீதம் ஆனது. பாரம் வராவிட்டால் கூடுதல் வரி விற்றவர் தலையில். சி பாரத்துக்காக எத்தனை முறை கடிதம் எழுதினோம், எத்தனை முறை டிரங்க் கால் போட்டோம் என்பதை மூத்த வியாபாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டு பதிவேடுகளை இணைக்கும் வேலையைக் காகிதம் செய்த காலம் அது.

வாட் வரிக் காலத்தில் வெளிமாநில வியாபாரிகளின் எண்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்க டின்க்சிஸ் என்ற ஏற்பாடு வந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலப் பதிவேடுகள் அனைத்தும் ஒரே வலைப்பின்னலுக்குள் வந்துவிட்டன. எல்லைகளில் இருந்த விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் நடைமுறைக்கு வந்தது.

ஜி.எஸ்.டி. எண்ணில் 15 இடங்கள் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த 10 இடங்கள் வியாபாரியின் பான் எண். பதின்மூன்றாவது இடம் அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எடுத்த எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். கடைசி இடம் எண் சரியாக எழுதப்பட்டதா என்று சோதிக்க உதவும் குறி. போடியில் ஒரு கடையும் குமுளியில் ஒரு கடையும் வைத்திருப்பவருக்கு முதல் இரண்டு இலக்கம் மாறும். நடுவில் உள்ள பான் எண் மாறாது. இரண்டு மாநிலப் பேரேட்டிலும் உள்ளவர் ஒரே ஆள் என்பதை அந்தப் பத்து இடங்கள்தான் சொல்கின்றன. இணைப்பின் சூட்சுமம் இதில் அடங்கியிருக்கிறது: கம்பி இழுப்பது சுலபம், இங்கே உள்ளவரும் அங்கே உள்ளவரும் ஒருவர்தான் என்று காட்டும் பொது எண் இருந்தால்தான் இணைப்பு பயன்படும்.

ஏலத்திலும் இதுவே நடந்தது. முன்பு ஏலம் எடுக்க வேண்டுமானால் ஏலக்கூடத்தில் ஆள் இருக்க வேண்டும். 2020-ல் கொரோனா ஊரடங்கில் மாநில எல்லை அடைபட்டபோது இந்த முறையின் கஷ்டம் எல்லோருக்கும் புரிந்தது. வியாபாரி ஒரு பக்கம், சரக்கு மறுபக்கம் என்று நின்றது. 2021-ல் ஸ்பைசஸ் போர்டு போடி, புற்றடி ஆகிய இரண்டு இ-ஏல மையங்களையும் இணைத்து, ஒரு மையத்தில் இருந்தபடியே மற்ற மையத்து ஏலத்திலும் கேட்கும் வசதியைக் கொண்டுவந்தது. முகம் தெரியாத ஆள் எல்லைக்கு அப்பாலிருந்து விலை கேட்டாலும் அதை நம்பி ஏலம் நடத்த முடிவதற்குக் காரணம், இரு பக்கத்து வியாபாரிகளுக்கும் லைசென்ஸ் கொடுப்பது ஒரே போர்டு, ஒரே விதி.

ஐரோப்பா செய்த ஏற்பாடு

ஒரே நாட்டுக்குள் இரண்டு மாநிலங்களை இணைக்கவே இத்தனை காலம் ஆயிற்று. வெவ்வேறு சட்டம், வெவ்வேறு மொழி உள்ள நாடுகளை எப்படி இணைப்பது? ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 2012-ல் ஒரு சட்ட நெறிமுறை வெளியிட்டது. 2017 ஜூன் 8 முதல் அந்த இணைப்பு இயங்குகிறது. ஒன்றியத்து நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதில் உள்ளன.

எல்லா நாட்டுப் பதிவேடுகளையும் கொண்டுவந்து ஓரிடத்தில் கொட்டவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்தந்த நாட்டுப் பதிவேடு அந்தந்த நாட்டிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு பொது மையம் மட்டும் உண்டு. ஹாம்பர்க் நகரத்து மசாலா இறக்குமதியாளர் ஒருவரைப் பற்றிக் கேட்டால், கேள்வி அந்த மையத்தின் வழியாக ஜெர்மன் பதிவேட்டுக்குப் போய்ப் பதில் திரும்பி வரும். பேரேடு நகர்வதில்லை; கேள்வியும் பதிலும்தான் பயணம் செய்கின்றன. தபாலாபீசில் கடிதம் பிரித்து அனுப்புவதைப் போன்ற வேலை அது. நிறுவனத்தின் பெயர், எவ்வகை நிறுவனம், பதிவு அலுவலகம் எங்கே, பதிவு எண் என்ன என்பவை இலவசம். ஒவ்வொரு கம்பெனிக்கும் நாட்டுக் குறி, பதிவேட்டின் குறி, பதிவு எண் மூன்றும் சேர்ந்த ஓர் ஐரோப்பிய அடையாள எண் உண்டு. ஒரு நாட்டில் கம்பெனி திவாலானால், வேறு நாட்டில் அதன் கிளை பதிவாகியிருக்கும் பதிவேட்டுக்கும் செய்தி போய்விடும். இந்தத் தேடலை ஐரோப்பியர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. போடியில் உட்கார்ந்து நாமும் செய்யலாம்.

இந்த இணைப்பிலிருந்து இரண்டு பாடங்கள் நமக்குக் கிடைக்கின்றன. முதலாவது, இணைப்பு நிலைப்பது சட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியபின் 2020 டிசம்பரோடு இந்த இணைப்பிலிருந்தும் விலகியது. எந்திரம் பழுதாகவில்லை, ஒப்பந்தம் முடிந்தது. இரண்டாவது, முதலில் இந்த ஏற்பாடு கம்பெனிகளுக்கு மட்டும்தான். கூட்டு வியாபாரங்களையும் சேர்க்கும் திருத்தம் 2025-ல்தான் வெளியாயிற்று. அது முழு நடைமுறைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். பெரியவர்களுக்கு முதல் வரிசை, சிறியவர்களுக்குக் கடைசி வரிசை என்பது அங்கும் உண்டு.

உலகம் முழுதுக்கும் ஒரே எண்

2008-ல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் விழுந்தபோது, அதற்கு யார் யார் கடன்பட்டிருக்கிறார்கள், எந்தக் கிளை எந்தத் தாய்க் கம்பெனியைச் சேர்ந்தது என்று உடனே சொல்ல முடியாமல் வங்கிகள் திண்டாடின. அதன் பிறகு உலகம் முழுவதும் செல்லும் 20 இட அடையாள எண் ஒன்று உருவாயிற்று. எல்.இ.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். அதை மேற்பார்வையிட 2014-ல் ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. எந்த நாட்டு நிறுவனத்தின் எண்ணையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

நம் ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் 1 முதல், ரூ.50 கோடியும் அதற்கு மேலும் உள்ள வெளிநாட்டுப் பணப் பரிவர்த்தனைகளுக்கு இந்த எண்ணைக் கட்டாயம் ஆக்கியது. வங்கிகளில் ரூ.5 கோடிக்கு மேல் கடன் வசதி பெற்றவர்களுக்கும் படிப்படியாக 2025 ஏப்ரல் வரை கெடு வைத்துக் கட்டாயம் ஆக்கியது. ரூ.50 கோடி என்பது நம்மில் பெரும்பாலோர்க்கு எட்டாத தொகை. ஆனால் ரூ.5 கோடி வங்கி வசதி உள்ள ஏலக்காய் ஏற்றுமதியாளர்கள் நம் ஊரில் உண்டு. ஏலக்காய் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் விற்கும் சரக்கு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அதிகபட்ச விலை ரூ.7,000 வரை போனது. விலை ஏறினால் அதே எடைச் சரக்குக்கு வங்கிக் கடன் வரம்பும் ஏறும். இந்த எண்ணை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. புதுப்பிக்காவிட்டால் "காலாவதி" என்று உலகம் முழுதும் தெரியும்.

வளைகுடா வியாபாரத்தில் கவனம்

நம் ஏலக்காய்க்கு முக்கியச் சந்தை வளைகுடா நாடுகள். அவற்றுக்கும் நமக்கும் இடையே ஐரோப்பா போன்ற பதிவேட்டு இணைப்பு கிடையாது. ஆனாலும் அவர்கள் தங்களுக்குள் ஒழுங்கு செய்து வருகிறார்கள். ஐக்கிய அரபு எமிரேட்டில் ஒவ்வொரு எமிரேட்டும் தனித்தனியே வியாபார லைசென்ஸ் கொடுக்கிறது. ஃப்ரீ சோன் எனப்படும் தனி மண்டலங்களும் தாங்களே லைசென்ஸ் கொடுக்கின்றன. இவற்றை ஒரே இடத்தில் தேடுவதற்குத் தேசியப் பொருளாதாரப் பதிவேடு என்ற ஏற்பாடு உண்டு. சவுதி அரேபியாவில் ஒரு நிறுவனத்துக்கு நாடு முழுதுக்கும் ஒரே வணிகப் பதிவு போதும் என்ற புதிய சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே துபாயிலிருந்து ஒருவர் சரக்கு கேட்டால், லைசென்ஸ் நகலை அனுப்பச் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. நகலை எவரும் தயாரித்துவிடலாம். லைசென்ஸ் எண்ணை எடுத்துக்கொண்டு, அதைக் கொடுத்த அலுவலகத்தின் பதிவில் நாமே தேடிப் பார்க்க வேண்டும். அதில் உணவுப் பொருள் வியாபாரத்துக்கு அனுமதி இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன, பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கடனுக்கு அனுப்புவதானால் இ.சி.ஜி.சி. நிறுவனத்தின் காப்பீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். 1957-ல் ஏற்பட்ட இந்த மத்திய அரசு நிறுவனம், வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பற்றி விசாரித்து இவ்வளவு தொகை வரை என்று வரம்பு வைக்கிறது. வரம்பு தர அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கமே நமக்கு ஒரு செய்தி.

பதிவேடு சொல்லாதது

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பதிவேட்டில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள். பணம் கொடுப்பார் என்று பொருள் அல்ல.

பிரிட்டனின் கம்பெனிப் பதிவேட்டை 2015 முதல் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். உலகத்தில் மிகவும் தாராளமான பதிவேடுகளில் அது ஒன்று. ஆனால் அங்கே நெடுங்காலம், எழுதிக் கொடுத்ததைப் பதிவாளர் அப்படியே ஏற்றுக்கொண்டார். பொய்ப் பெயர்களும் பொய் விலாசங்களும் நுழைந்தன. 2023-ல் புதுச் சட்டம் போட்டு, 2024 மார்ச் முதல்தான் சந்தேகத்துக்குரிய விவரத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் பதிவாளருக்கு வந்தது. இயக்குநர்களின் அடையாளத்தைச் சரிபார்ப்பது 2025 நவம்பரில் கட்டாயமாயிற்று. லண்டனில் கடை வைத்திருக்கும் நம்மவருக்கு சரக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டு நிலையும் அதுதான். 2017-ல் மத்திய அரசு இயங்காத கம்பெனிகள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. நீக்கும் வரை அவையும் பதிவான கம்பெனிகள்தான். 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை போலி ஜி.எஸ்.டி. பதிவுகளைக் கண்டுபிடிக்க நாடு முழுவதும் தனிச் சோதனை நடந்தது. வேறொருவரின் ஆதார், பான் நகல்களை வைத்து எடுத்த பதிவுகள் அதில் அகப்பட்டன.

இதில் நஷ்டப்படுவது பெரும்பாலும் நேர்மையாக வாங்கியவர்தான். ரூ.10 லட்சத்துக்கு ஏலக்காய் வாங்கினால் 5 சதவீதம் வரி ரூ.50,000. விற்றவர் பில்லைக் கணக்கில் ஏற்றாவிட்டாலோ வரியைக் கட்டாவிட்டாலோ வாங்கியவருக்கு அந்த வரிக் கழிவு கிடைக்காது. சரக்குக்கும் பணம் கொடுத்து, வரியும் கொடுத்து, அதே வரியை இரண்டாம் முறை கட்ட நேரும். பலசரக்குக் கடைக்காரர் அந்த ஐம்பதாயிரத்தைச் சம்பாதிக்க எத்தனை மாதம் கடையில் நிற்க வேண்டும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்றார்கள் பெரியவர்கள். பதிவேடு என்பது ஆழம் பார்க்கும் கோல். கோல் தரையைத் தொட்டால் ஆழம் தெரியும். அடியில் சேறா பாறையா என்பதை இறங்குகிறவர்தான் பார்க்க வேண்டும். ஆகவே பழைய விசாரிப்பை விட்டுவிட வேண்டாம். முதல் கேள்விக்குப் பதிவேடு, அடுத்த கேள்விகளுக்கு மனிதர்கள் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

புது வாடிக்கையாளர் வந்தால்

மாநிலம் விட்டு மாநிலம் சரக்குப் போடும் முன் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனைகள் இவை:

1. பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் தட்டிப் பாருங்கள். கட்டணம் கிடையாது. பதிவு நடப்பில் உள்ளதா, நிறுத்தப்பட்டதா, ரத்தானதா என்று தெரியும். எந்தத் தேதியில் பதிவானது என்பதையும் பாருங்கள். நேற்றுப் பதிவானவர் இன்று பெருங்கடன் கேட்டால் யோசிக்க வேண்டும்.

2. அதே இடத்தில் ரிட்டர்ன் போட்ட விவரமும் வரும். மாதம் தவறிப்போனவரிடம் வாங்குவது வரிக் கழிவுக்கு ஆபத்து.

3. சட்டப்படியான பெயரும் கடைப் பெயரும் வேறுவேறாக இருக்கலாம், அது தவறல்ல. ஆனால் பணம் வரும் வங்கிக் கணக்கு இந்த இரண்டில் ஒன்றின் பெயரில் இருக்க வேண்டும். வேறொரு நல்ல வியாபாரியின் எண்ணைத் தம் பில்லில் அச்சடித்துக்கொள்பவர்களும் உண்டு.

4. கம்பெனியாக இருந்தால் 21 இடங்கள் கொண்ட கம்பெனி அடையாள எண்ணைக் கேளுங்கள். அதில் மாநிலக் குறியும் ஆரம்பித்த ஆண்டும் எண்ணுக்குள்ளேயே இருக்கும். "முப்பது வருஷக் கம்பெனி" என்று சொல்பவரின் எண்ணில் போன வருஷம் இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

5. உணவுப் பொருள் வியாபாரத்துக்கு 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் உண்டு. அதையும் சரிபார்க்கலாம்.

நம் பக்கத்துப் பதிவு சரியா?

மற்றவர் பதிவைப் பார்க்கும் வசதி வந்தால், நம் பதிவை மற்றவர் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது என்று பொருள். போடியில் நம்மைத் தெரியாதவர் இல்லை. ஜெய்ப்பூரிலும் ரியாத்திலும் நம்மைக் காட்டுவது நம் பதிவு மட்டும்தான். அங்கே பழைய விலாசமும், காலமாகிவிட்ட பங்குதாரரின் பெயரும் இருந்தால் நமக்கு எப்படி மதிப்பு வரும்?

கூட்டு வியாபாரம் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமல்ல என்பதால் பலர் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு அதோடு நிற்கிறார்கள். ஆனால் 1932-ம் ஆண்டுச் சட்டத்தின் 69-வது பிரிவு, பதிவாகாத கூட்டு நிறுவனம் பாக்கிக்காரர் மீது ஒப்பந்தப்படி வழக்குப் போட முடியாது என்கிறது. பாக்கிக்காரர் நம் மீது வழக்குப் போடத் தடையில்லை! பதிவான நிறுவனமாக இருந்தாலும், வழக்குப் போடும் நாளில் பங்குதாரர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். அப்பா காலமான பிறகு மகன் கடையில் உட்கார்ந்துவிடுகிறார். பதிவேட்டில் அப்பாவின் பெயரே இருக்கிறது. பெரிய பாக்கி ஒன்று சிக்கிக்கொள்ளும் நாளில்தான் இது தெரியவரும். தமிழ்நாட்டில் இந்தப் பதிவு பதிவுத்துறையிடம் உள்ளது. காலம் தாழ்த்தாமல் திருத்திக்கொள்வது நல்லது.

ஜி.எஸ்.டி. பதிவில் விலாசமோ பங்குதாரரோ மாறினால் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மாத ரிட்டர்னைத் தொடர்ந்து ஆறு மாதம் போடாவிட்டால் பதிவு ரத்தாகக்கூடும். ஏற்றுமதி இறக்குமதி எண் வைத்திருப்போர் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை விவரத்தை உறுதி செய்ய வேண்டும். மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். தவறினால் எண் முடங்கிவிடும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும். ஸ்பைசஸ் போர்டில் ஏற்றுமதியாளர் பதிவையும் நடப்பில் வைத்திருக்க வேண்டும்.

பெயரை எழுதும் விதமும் முக்கியம். ஒரு லைசென்சில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் "டிரேடர்ஸ்", மற்றொன்றில் "டிரேடிங் கம்பெனி". நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே கடை. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். போடிநாயக்கனூர் என்ற ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். எல்லாப் பதிவிலும் ஒரே எழுத்து, ஒரே விலாசம் என்று வைத்துக்கொண்டால், நாளை எந்தப் பதிவேட்டோடு எது இணைந்தாலும் நமக்குச் சங்கடம் வராது.

சங்கங்கள் கேட்க வேண்டியது

சில கோரிக்கைகளை வணிகர் சங்கங்கள் சேர்ந்து வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. கம்பெனிகளின் அடிப்படை விவரத்தை இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாகப் பார்க்க முடிகிறது. அதேபோல, மாநிலங்களின் கூட்டு நிறுவனப் பதிவேடுகளையும் ஒரே இடத்தில் தேடும் வசதி வேண்டும். இடுக்கியில் பதிவான கூட்டு நிறுவனத்தைத் தேனியில் உள்ளவர் ஒரு நிமிடத்தில் பார்க்க முடிந்தால் இரு பக்கத்துக்கும் நல்லது. விற்றவர் செய்த தவறுக்கு, பதிவைச் சரிபார்த்துப் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தவரைத் தண்டிக்காத வழி வேண்டும். பதிவைச் சரிபார்க்கச் சொல்லும் அரசு, சரிபார்த்தவருக்கு ஒரு பாதுகாப்பும் தர வேண்டுமல்லவா? வெளிநாடுகளோடு வாணிப ஒப்பந்தம் பேசும்போது, பதிவேடுகளைப் பரஸ்பரம் பார்க்கும் வசதியையும் அதில் சேர்க்கலாம். ஐக்கிய அரபு எமிரேட்டோடு நம் நாட்டுக்கு 2022 மே 1 முதல் விரிவான வாணிப ஒப்பந்தம் நடப்பில் உள்ளது. சுங்கவரிச் சலுகை பெரிய ஏற்றுமதியாளருக்கு உதவும்; வாங்குகிறவர் யார் என்று உறுதியாகத் தெரிவது சிறிய ஏற்றுமதியாளருக்கு அதைவிட உதவும். பெரிய கம்பெனி ஆள் அனுப்பி விசாரித்துக்கொள்ளும். பத்து மூட்டை அனுப்புகிறவரால் அது முடியாது. ஒரு மூட்டைக்குப் பணம் வராவிட்டால் மற்ற ஒன்பது மூட்டையின் லாபமும் அவருக்குப் போய்விடும்.

பதிவேட்டு இணைப்பு சிறு வியாபாரியை ஒதுக்குமா, தூக்கிவிடுமா என்பது அவர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறாரா, சரியாக இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஆகவே இந்த மாதக் கணக்கு முடிக்கும்போது, கல்லாப் பெட்டியில் உள்ள லைசென்ஸ்களையும் சான்றுகளையும் எடுத்து வரிசையாக வைத்து, பெயர், விலாசம், பங்குதாரர், காலாவதித் தேதி நான்கையும் ஒத்துப் பாருங்கள். ஆடிட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேர வேலைதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடும் வழக்கம் உள்ளவர்கள் நாம். நம் பெயரை உலகத்துப் பேரேட்டில் போடும்போதும் அளந்தே போடுவோம்.